மழைக்காலத்தில் வெளிப்பூச்சு: பூசலாமா, பொறுக்கலாமா?

ஐப்பசி பிறந்து பத்து நாள்கள் ஆகின்றன. திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தில் ஒரு வீடு கட்டப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தளம் போட்டாயிற்று, சுவர்கள் எழும்பி நிற்கின்றன, பூச்சு வேலைதான் பாக்கி. மார்கழியில் யாரும் புதுவீட்டுக்குக் குடி போவதில்லை. ஆகவே தை பிறந்ததும் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது வீட்டுக்காரரின் எண்ணம். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம், வங்கிக் கடனுக்குத் தவணை ஒரு பக்கம். வானமோ நாள்தோறும் மாலையில் கறுத்துக்கொண்டு வருகிறது.

"மழையில வெளியே பூசினா நிக்காதுங்க. தை வெயில் வரட்டும்" என்கிறார் கொத்தனார். கல்லூரியில் படிக்கும் மகனோ, "சிமெண்டு இறுகுறதுக்குத் தண்ணிதானே அப்பா வேணும்? பூசி முடிச்சதும் நாமே ஒரு வாரம் தண்ணி அடிக்கப் போறோம். அந்த வேலையை மழை செஞ்சா என்ன?" என்று கேட்கிறான்.

இருவரில் யார் சொல்வது சரி? இது வெறும் வாதம் அன்று. 15 மில்லிமீட்டர் கனமுள்ள சிமெண்டுப் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் எடை இருக்கும். சுவரோடு ஒட்டாமல் நிற்கும் பூச்சு, சில ஆண்டுகள் கழித்து மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தால், கீழே நிற்பவர் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆபத்துக்கான வித்து பூசிய முதல் நாளிலேயே ஊன்றப்பட்டிருக்கக்கூடும். ஆகவே ஈரக் காலத்தில் பூச்சுக்குள் நடப்பது என்ன என்பதை அறிந்துகொள்வது நல்லது.

உலர்வது வேறு, இறுகுவது வேறு

சேறு வெயிலில் காய்ந்தால் கெட்டியாகிறது. மீண்டும் நீரில் போட்டால் கரைந்துவிடுகிறது. சிமெண்டும் இப்படித்தான் 'காய்ந்து' கெட்டியாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. சிமெண்டு நீரோடு வேதியியல் முறையில் கூடி இறுகுகிறது. இதை நீரேற்றம் என்பர்.

சிமெண்டுத் தூளில் கால்சியம் சிலிக்கேட்டுகள் மிகுதியாக உள்ளன. நீர் பட்டதும் இவை நீரோடு கூடிப் பசை போன்ற புதிய பொருள் ஒன்றாக மாறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் இது வளர்ந்து, மணல் துகள்களைச் சுற்றிப் பின்னிப் பிணைத்துக்கொள்கிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இது வேறொன்றுமில்லை, நாம் நன்கறிந்த நீற்றிய சுண்ணாம்புதான்.

இந்த மாற்றத்துக்குக் காற்று வேண்டியதில்லை, வெயிலும் வேண்டியதில்லை. நீருக்கு அடியிலேயே இது நடக்கும். 1756-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கடல் நடுவே எடிஸ்டன் பாறைமீது கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பை ஏற்ற ஜான் ஸ்மீட்டன், அலை மோதினாலும் கரையாத சாந்தைத் தேடினார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகுவதைக் கண்டார். அந்த வழியில் பலர் முயன்றதன் பின், 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லண்டு சிமெண்டு' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். நம் திருச்சி மாவட்டத்தில் கல்லக்குடியை ஒட்டிய டால்மியாபுரத்தில் 1939-இல் சிமெண்டு ஆலை அமைந்ததற்கும் அப்பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லே காரணம்.

ஆகவே மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிமெண்டுப் பூச்சுக்கு ஈரமான காற்று நன்மையே செய்யும். உண்மையில் திருச்சியில் பூச்சுக்குப் பெரும்பகை சித்திரை, வைகாசி மாதங்களின் அனல் காற்றுதான். காலையில் பூசிய சுவர் நண்பகலுக்குள் வறண்டு போனால், நீரேற்றம் பாதியில் நின்றுவிடும். விரலால் தேய்த்தால் மணல் மணலாக உதிரும்.

அப்படியானால் கொத்தனார் ஏன் தயங்குகிறார்? நீர் வேண்டும்தான். ஆனால் எவ்வளவு, எங்கே, எந்த நேரத்தில் என்பது முக்கியம். இந்த மூன்றையும் மழை கெடுத்துவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மணலின் கணக்கு

ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோகிராம். அது முழுமையாக இறுகுவதற்கு வேதியியல் முறையில் பிணையும் நீர் அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதாவது சுமார் 12 லிட்டர். ஆனால் அவ்வளவு நீர் மட்டும் ஊற்றினால் கலவை கரணையில் நிற்காது. சுவரில் இழுக்க வராது. ஆகவே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீர் சேர்க்கிறோம். மிகுதி நீரில் பெரும்பகுதி பிறகு ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடம் நுண்துளைகளாக எஞ்சும். நீர் கூடக் கூடத் துளைகளும் கூடும், வலிமை குறையும்.

மழைக்காலத்தில் நமக்குத் தெரியாமலேயே நீர் கூடிவிடுகிறது. எப்படி? மணலின் வழியாக. ஒரு மூட்டை சிமெண்டின் பருமன் ஏறத்தாழ 35 லிட்டர். ஒன்றுக்கு ஐந்து என்ற கலவைக்கு 175 லிட்டர் மணல் வேண்டும். உலர்ந்த மணலானால் இது ஏறத்தாழ 280 கிலோகிராம் எடை இருக்கும். இந்த மணலில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தால், 14 லிட்டர் நீர் அதிலேயே ஒளிந்திருக்கிறது; ஏறக்குறைய ஒரு குடம்! கோடையில் ஊற்றிய அதே குடக் கணக்கில் ஐப்பசியிலும் நீர் ஊற்றினால், கலவை கூழாகிவிடும்.

இதைவிட விந்தையானது ஒன்று உண்டு. ஈர மணல் ஊதிப் பெருக்கும். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. நீரின் பரப்பு இழுவிசை காரணமாகத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி அமராமல் விலகி நிற்கின்றன. ஐந்து விழுக்காடு ஈரத்தில் மணலின் பருமன் நான்கில் ஒரு பங்குகூடக் கூடிவிடும். மணல் மிக நைசாக இருந்தால் இன்னும் கூடும். ஆனால் மணல் முழுவதும் நீரில் மூழ்கிவிட்டால் படலங்கள் மறைந்து, பருமன் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் குவளையில் உலர்ந்த மணலை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். அதை ஒரு தட்டில் கொட்டி, கொஞ்சம் நீர் தெளித்துப் பிசிறி, மீண்டும் குவளையில் மெதுவாகப் போடுங்கள். மணல் 12 சென்டிமீட்டருக்கு மேலும் உயர்ந்து நிற்கும். இப்போது மணல் மூழ்கும்வரை நீர் ஊற்றிக் கிளறுங்கள். அது கிட்டத்தட்டப் பழைய 10 சென்டிமீட்டருக்கே இறங்கிவிடும்.

கட்டட வேலையில் மணலை எடை போடுவதில்லை; சாந்துச் சட்டியால்தான் அளக்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு பெருத்த மணலை ஐந்து சட்டி அளந்தால், உண்மையில் விழுவது நான்கு சட்டி மணல்தான். ஒன்றுக்கு ஐந்து என்று நினைத்துப் போட்ட கலவை ஒன்றுக்கு நான்காகிவிடுகிறது. சிமெண்டு கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். செலவு கூடுவது ஒருபுறமிருக்க, சிமெண்டும் நீரும் கூடிய கலவை உலரும்போது அதிகமாகச் சுருங்கும். சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைபோலப் பரவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்று ஆற்று மணலுக்குப் பதிலாகக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலே பெரும்பாலும் வருகிறது. பூச்சுக்கென்று சலித்த நைசான வகையைப் 'பி-சாண்டு' என்கிறார்கள். இதுவும் ஈரத்தில் பெருக்கும். எந்த மணலானாலும் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதே நல்லது. மூட முடியாமல் நனைந்துவிட்டால், குவளைச் சோதனையை ஒருமுறை செய்து, எவ்வளவு பெருத்திருக்கிறதோ அவ்வளவு மணல் கூட்டி, ஊற்றும் நீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மணலைப்போலவே சிமெண்டையும் காக்க வேண்டும். காற்றில் உள்ள ஈரமே மூட்டைக்குள் நீரேற்றத்தைத் தொடங்கி வைத்துவிடும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். நல்ல சிமெண்டுக்குள் கையை விட்டால் குளுமையாக இருக்கும், கட்டி தட்டாது. விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் இருந்தால் அந்த மூட்டையைப் பூச்சுக்குப் பயன்படுத்தக் கூடாது.

சுவரின் தாகம்

பூச்சு சுவரில் எப்படி ஒட்டுகிறது? செங்கல்லின் உடம்பெல்லாம் நுண்துளைகள். நம் ஊர்ச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு இருபது பங்குவரை நீரைக் குடிக்கக்கூடியது. கலவையைச் சுவரில் அடித்ததும் இத்துளைகள் கொஞ்சம் நீரை உறிஞ்சுகின்றன. அந்த நீரோடு மிக நுண்ணிய சிமெண்டுத் துகள்களும் உள்ளே இழுக்கப்பட்டு அங்கேயே இறுகுகின்றன. ஆயிரமாயிரம் சிறு வேர்கள் சுவருக்குள் ஊன்றியதைப்போல் பூச்சு பிடித்துக்கொள்கிறது.

சுவர் மிகவும் வறண்டிருந்தால் கலவையின் நீர் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டு பட்டினி கிடக்கும். அதனால்தான் பூசுமுன் சுவரை நனைக்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் அடைமழையில் ஊறிய சுவரில் துளைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உறிஞ்ச இடமில்லை. கலவைக்கும் சுவருக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுவிடும். பூசிய கலவை தன் எடையாலேயே மெல்லச் சரியும். சரியாவிட்டாலும் பிடிப்பு இராது. பல மாதங்கள் கழித்து விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் ஓசை கேட்கும். கைப்பிடிச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுவது பெரும்பாலும் இத்தகைய பூச்சுதான்.

சுவரின் நிலையை அறிய எளிய சோதனை இருக்கிறது. கையில் சிறிது நீர் எடுத்துச் சுவரில் தெளியுங்கள். தெளித்த கணமே மறைந்தால் சுவர் வறண்டிருக்கிறது. வழிந்து ஓடினால் நிரம்பியிருக்கிறது. மெல்ல மெல்ல உள்ளிழுக்கப்பட்டு, மேற்பரப்பு மங்கலாகிவிட்டால் அதுவே பூசுவதற்கேற்ற பதம். மழைவிட்டு ஒருநாள் காற்றாட விட்டால் பெரும்பாலான செங்கற்சுவர்கள் மேற்பரப்பளவில் இந்தப் பதத்துக்கு வந்துவிடும். கான்கிரீட்டுத் தூண்களும் உத்திரங்களும் வழுவழுப்பாக இருப்பதால் அவற்றைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகே பூச வேண்டும். இதை எந்தக் காலத்திலும் விடக் கூடாது.

முதல் இருபத்துநான்கு மணி நேரம்

மூன்றாவது, நேரம். இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டு நீர் சேர்ந்து 30 நிமிடங்களுக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடங்களுக்குள், அதாவது பத்து மணி நேரத்துக்குள், முழுவதும் இறுகிவிட வேண்டும். இச்சோதனை 27° செல்சியஸ் வெப்பத்தை ஒட்டிச் செய்யப்படுவது. மழை நாளின் குளிர்ச்சியில், நீர் மிகுந்த கலவையில், இறுக இன்னும் நேரமாகும்.

இந்த நேரத்துக்குள் மழை கொட்டினால் என்ன ஆகும்? பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. காற்றோடு சாய்ந்து வரும் துளிகள் இளம் பூச்சின்மேல் சிறு சிறு குழிகளைப் பறிக்கின்றன. மேலே வழியும் நீர் சிமெண்டுப் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கழுவப்பட்ட இடத்தில் மணல் மட்டும் பல்லிளிக்கும். ஒருநாள் கழிந்துவிட்டால் இதே மழை பெரிய தீங்கு செய்யாது. நாம் தண்ணீர் அடிப்பதைப்போலவே அது பூச்சை வளர்க்கும். மகன் சொன்ன வாதம் இரண்டாம் நாளுக்குப் பொருந்தும். முதல் நாளுக்குப் பொருந்தாது.

எனவே மழைக்காலத்து வேலையின் சூட்சுமம் முதல் நாளைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. ஐப்பசி மழை உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின் இடியோடு வருவது. காலை ஏழு எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகலோடு பூச்சை முடித்துக்கொண்டால், மழை வருமுன் சில மணி நேரம் கிடைக்கும். ஒரே சுவரை அகலமாகத் தொடங்காமல், அன்று மூடக்கூடிய அளவுக்கு மட்டும் பூச வேண்டும். சாரத்தின் மேல்கழியிலிருந்து தார்ப்பாயைத் தொங்கவிட்டு, அது பூச்சில் உரசாதபடி ஒரு சாண் தள்ளிக் கட்ட வேண்டும். மாடி விளிம்பிலிருந்து வழியும் நீர் சுவரில் இறங்காதபடி மேல்பகுதியையும் மூட வேண்டும். புயல் சின்னம் காரணமாக நாள் முழுவதும் பெய்யும் கார்த்திகை மழையில் இவை எதுவும் போதா. வானிலை அறிவிப்பைக் கேட்டு வேலையை நிறுத்திவிடுவதே அறிவுடைமை. நனைந்த சவுக்குக் கழிகளும் பலகைகளும் வழுக்கும். சாரத்தில் நிற்பவர் உயிரைவிட எந்தப் பூச்சும் பெரிதன்று.

மழை அவசரத்தில் செய்யப்படும் இரண்டு தவறுகளை இங்கே குறிப்பிட வேண்டும். கலவை போட்டபின் மழை வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, இறுகத் தொடங்கிய குவியலில் மீண்டும் நீர் ஊற்றிக் குழைத்துப் பூசுகிறார்கள். அப்போது ஏற்கெனவே உண்டான பிணைப்புகள் உடைந்துவிடுகின்றன. அப்பூச்சுக்கு முழு வலிமை வராது. அந்தக் கலவையை வீசிவிடுவதே சிக்கனம். இரண்டாவது, பூச்சு ஈரம் வற்றாமல் கொழகொழவென்று இருந்தால், அதன்மேல் வெறும் சிமெண்டுத் தூளைத் தூவித் தேய்த்து விடுகிறார்கள். ஈரம் உடனே வற்றிவிடும். பார்வைக்கும் பளபளப்பாக இருக்கும். ஆனால் மேலே சிமெண்டு மிகுந்த மெல்லிய ஏடு ஒன்று உருவாகி, கீழே உள்ள பூச்சைவிட அதிகமாகச் சுருங்கி வெடிக்கும்.

பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாளேனும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று பெரும்பாலும் விற்பது உலைச்சாம்பல் கலந்த பொசலானா சிமெண்டு, மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டிருக்கும். இது மெதுவாக வலிமை பெறுவதால் பத்து நாள் தண்ணீர் அடிப்பது நல்லது. மழைக்காலம்தானே என்று இருந்துவிடக் கூடாது. இரண்டு மழைக்கு நடுவே நல்ல வெயிலும் காற்றும் அடிக்கும் நாள்கள் உண்டு. அன்று தண்ணீர் அடிக்கத்தான் வேண்டும்.

சுண்ணாம்புக்கு வேறு நியதி

இதுவரை சொன்னது சிமெண்டுக்கு. காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் போனால், சிமெண்டு வருவதற்கு நெடுங்காலம் முன்பே சுண்ணாம்பால் பூசப்பட்ட சுவர்களையும், கோபுரங்களில் சுதைச் சிற்பங்களையும் காணலாம். கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து நம் முன்னோர் கண்ட அரிய பொருள். ஆனால் ஈரக் காலத்தில் அதன் நடத்தை சிமெண்டுக்கு நேர்மாறானது.

சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900° செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. பூசிய பிறகு இது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உள்வாங்கி, படிப்படியாகப் பழைய சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. ஆகவே சுண்ணாம்புச் சாந்து இறுகக் காற்று வேண்டும். அதன் நுண்துளைகள் நீரால் அடைபட்டிருந்தால் வாயு உள்ளே போக முடியாது. கரியமில வாயு காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. சிறிது ஈரமும் மிகுதியான காற்றோட்டமும் உள்ள மாதங்களே சுண்ணாம்புக்கு ஏற்றவை. அடைமழைக் காலத்தில் பூசிய சுண்ணாம்பு வாரக் கணக்கில் இளகலாகவே இருக்கும்; பலத்த மழையில் கரைந்தும் போகும். "மழையில் பூசாதே" என்ற கொத்தனார் வழக்கு இந்தச் சுண்ணாம்புக் காலத்து அனுபவத்திலிருந்து வந்திருக்கவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு. பழைய வீட்டுச் சுவர்களில் அடியிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். அதை உரித்துவிட்டு நெருக்கமான சிமெண்டுப் பூச்சு போட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். வழியில் கரைத்துக்கொண்ட உப்புகளைப் பூச்சுக்குப் பின்னால் படிய வைத்து, அதையும் தள்ளிவிடும். பழைய சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்க்கச் சுண்ணாம்பே ஏற்றது. அதற்கு மழைக்காலம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

குளிர் என்ன செய்யும்?

வேதியியல் மாற்றங்கள் வெப்பம் குறையக் குறைய மெதுவாகும். சிமெண்டும் இதற்கு விலக்கன்று. 5° செல்சியசுக்குக் கீழே நீரேற்றம் மிகவும் மந்தமாகிவிடும். அதனினும் பெரிய கேடு, நீர் உறைவது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு கூடுகிறது. இறுகாத பூச்சுக்குள் இது நடந்தால் உள்ளிருந்தே அதை உடைத்துவிடும். காலையில் பனி உருகியதும் பூச்சு பொலபொலவென்று உதிரும். குளிர்நாடுகளில் இதனால்தான் கடுங்குளிர் மாதங்களில் வெளிப்பூச்சைத் தவிர்க்கிறார்கள். அல்லது கட்டடத்தையே மூடிச் சூடேற்றுகிறார்கள்.

நம் மாநிலத்தில் இந்தக் கவலை உதகமண்டலம் போன்ற இடங்களுக்கு உண்டு. அங்கே மார்கழி, தை இரவுகளில் புல்வெளிமேல் உறைபனி படிகிறது. வெயில் ஏறியபின் தொடங்கி, பிற்பகலுக்குள் முடித்து, இரவில் சாக்குகளால் போர்த்தி வைக்க வேண்டியிருக்கும். திருச்சியில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20° செல்சியசை ஒட்டியே இருக்கிறது. ஆகவே மன்னார்புரத்தில் குளிருக்கு அஞ்ச வேண்டியதில்லை. கோடையைவிடச் சில மணி நேரம் கூடுதலாகப் பொறுத்திருந்தால் போதும்.

வர்ணத்துக்கு அவசரம் வேண்டாம்

பூச்சு இறுகிவிட்டதாலேயே அது உலர்ந்துவிட்டது என்று பொருளில்லை. மிகுதி நீர் வெளியேறுவதற்கு ஈரக் காற்றில் நெடுநாள் ஆகும். அதற்குள் வர்ணம் அடித்தால் உள்ளே சிக்கிய நீர் வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும். புதிய பூச்சின் கடுமையான காரத்தன்மை வர்ணத்தையும் கெடுக்கும். நீரில் கரைந்த உப்புகள் மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்துக் கிளம்பும். குறைந்தது நான்கு வாரம் பொறுப்பது வழக்கம். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

சுவர் உலர்ந்ததா என்று அறிய, ஓர் அடிச் சதுரமுள்ள கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால், தாளின் உட்புறத்தில் நீர்முத்துகள் தெரிந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை என்று அறியலாம்.

மன்னார்புரத்து வீட்டுக்கு விடை

இனி நாம் தொடங்கிய வீட்டுக்கு வருவோம். மழைக்காலம் முழுவதும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. முதலில் தளத்தின் அடிப்பக்கத்தையும் உள் தடுப்புச் சுவர்களையும் பூசலாம். கூரைக்குக் கீழே மழை படாது. காற்றில் ஈரம் இருப்பதால் பூச்சும் நன்றாக இறுகும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி தடைபடாது.

வெளிப்புறத்தில், வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்களையே அடிக்கிறது. இடிமழைக் காற்று எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் இது முற்றான உறுதி அன்று. ஆயினும் மேற்கு, தெற்குச் சுவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தொடர்ந்து இரண்டு நாள் மழைவிடும் சமயம் பார்த்து, சுவரின் பதம் சோதித்து, தார்ப்பாய் கட்டி, காலை வேளையில் இவற்றைப் பூசலாம். வடக்கு, கிழக்குச் சுவர்களைத் தைக்கு விட்டுவிடலாம். பூசாத செங்கற்சுவர் ஒரு மழைக்காலம் நனைந்ததால் கெட்டுவிடாது. சுவரின் உச்சியிலிருந்து நீர் உள்ளே இறங்காமல் மூடி வைத்தால் போதும். ஆனால் ஊறிய சுவரில் பூசிய பூச்சைச் செதுக்கி எறிந்து மறுபடி பூச வேண்டுமானால் செலவு இரட்டிப்பாகும்.

வீட்டுக்காரர் தையில் பால் காய்ச்சலாம். இரண்டு பக்கச் சுவர் செங்கல்லாகத் தெரியும். வெளியே வர்ணமும் இராது. வந்தவர்களில் யாராவது, "என்ன, பூச்சு வேலை பாக்கி நிற்கிறதே?" என்று கேட்கக்கூடும். "அந்தச் சுவருக்கு இன்னும் ஈரம் வாங்கவில்லை, மாசியில் பூசப் போகிறோம்" என்று அவர் தயங்காமல் சொல்லலாம்.